துடைத்த மச்சம்

தோல் டாக்டரைப் பார்க்க அந்தப் பழைய கட்டடத்தின் மாடிப்படியில் கால் வைத்தபோது சுண்ணாம்புக்குப் பயம் ஒன்றும் இல்லை. வெயில் கொளுத்துகிற பகல். கீழே ஜெராக்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் மருந்துக்கடை, வாசலில் தாறுமாறாக நிறுத்திய வண்டிகள். படிக்கட்டில் மட்டும் அந்த நேரத்திலும் ஒரு குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தும் இருட்டு போகவில்லை. பாதிப் படி ஏறியதும் மருந்து வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. நெடுநாள் திறக்காத பீரோவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, பாச்சை உருண்டை வாடை, அது.

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் ஏறி வரவில்லை.

சுண்ணாம்பு என்பது கூட வேலை செய்கிற கேமராக்காரர் வைத்த பட்டம். ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவர். எடுத்த முகத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வது இவன். பரு, தழும்பு, கருவளையம், சுருக்கம், மச்சம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேலுக்குக் கொஞ்சம் வெளுப்பும் பூசி அனுப்புவான். "சுவருக்கு வெள்ளையடிக்கிறவன்கூட ஜன்னலை விட்டு வைப்பான். நம்ம ஆளு மூக்கு ஓட்டையையே அடைச்சிடுவான்" என்பார் கேமராக்காரர். பட்டம் ஸ்டுடியோவைத் தாண்டி வீட்டுக்கும் போய்விட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அப்பேர்ப்பட்டவன் முகத்தில், வலது கண்ணுக்குக் கீழே, ஒரு மச்சம் முளைத்திருந்தது.

காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அதற்குக் கீழே ஒரு விளம்பரத் தாள்: 'மச்சத்தில் மாற்றமா? உடனே காட்டுங்கள்.' அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். வேறு படிக்க ஒன்றும் இல்லை. அவன் இடக்கைப் பக்கம் இருந்த கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நோயாளிகள் பாதி உண்மைதான் சொல்வார்கள் என்று முடிவு கட்டியவர் போல, கேள்வி கேட்கும்போதே உதட்டைச் சுழித்தார்.

"எப்ப இருந்து இருக்கு?"

"புதுசு டாக்டர். போன மாசம் இல்ல."

"போன மாசம் இல்லாத மச்சத்துல நரைச்ச முடி எப்படி வரும்?"

அந்த முடியை அவனும் பார்த்திருந்தான். ஒற்றை முடி, தும்பைப் பூ வெள்ளை. பிடுங்கிப் போட்டால் மறுநாள் காலையில் அதே நீளத்துக்கு நின்றது. அவன் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது.

டாக்டர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை மச்சத்தோடு ஒட்ட வைத்துக் குனிந்தார். சட்டென்று விலகினார். கண்ணாடியைக் கோட்டில் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"அசையாதீங்க."

"நான் அசையல டாக்டர்."

அவன் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த அவருடைய மூச்சு நின்றது.

நிமிர்ந்தபோது குரல் முன்னைவிடக் கறாராக இருந்தது. "நல்ல மச்சம்னா நடுவுல ஒரு கோடு போட்டா ரெண்டு பாதியும் ஒண்ணு போல இருக்கும். இது அப்படி இல்ல. ஓரம் எல்லாம் மை கசிஞ்ச மாதிரி இருக்கு. நிறமும் திட்டுத் திட்டா இருக்கு. வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பணும்."

"கேன்சரா டாக்டர்?"

"லேப் சொல்லட்டும். எனக்கு அதைவிட இது இருக்கிற இடம்தான் பிடிக்கல. கீழ் இமைக்கு நூலிழை தள்ளி நிக்குது. இது ஏறிட்டா இமையையும் சேர்த்து வெட்டணும். இமை போனா கண்ணு மூடாது. மூடாத கண்ணு சீக்கிரம் கெட்டுப் போயிடும். என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கண்ணை வச்சுத்தான் டாக்டர் வேலை."

"அப்ப தள்ளிப் போடாதீங்க."

நர்ஸ் மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். எடுப்பதற்கு முன் கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டாள். எங்கே வெட்டுவார்கள் என்று காட்ட ஒரு கைக்கண்ணாடியை நீட்டினாள். அதைக் கொடுத்துவிட்டு, தான் அதற்குள் தெரியாதபடி ஒதுங்கி நின்றாள்.

வீட்டில் மனைவி பேச்சைக் குறைத்திருந்தாள். முன்பெல்லாம் ஒரு நிமிஷம் வாய் ஓயாதவள். விடுமுறை நாளில் மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்து எழுந்தபோது, அவள் அறையின் மறுகோடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அங்க போய் உட்கார்ந்திருக்கே?"

"நீங்க தூங்கினீங்க" என்றாள். "அது தூங்கல."

"மச்சம் தூங்குமா? ஏதாவது உளறாதே."

"உளறலை. பாத்திரம் கழுவினேன், துணி மடிச்சேன். எங்க போனாலும் என்னையே பார்க்குது. எந்தப் பொம்பளையும் என்னை அப்படி முறைச்சதில்ல."

பொம்பளை என்று ஏன் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது.

கண்ணாடியில் பார்த்தான். நூலிழை இடைவெளி இன்னும் மெலிந்திருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டுடியோவுக்கு ஒரு பெண்மணி வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய ஃபிரேம். அதை முதலாளியின் மேசைமேல் டொம்மென்று வைத்தார். வைத்த வேகத்தில் முதலாளியின் டீ தளும்பியது.

"இது எங்கம்மா படமாம். எங்கண்ணன் சொல்றான். இதுல எங்கம்மா எங்க இருக்கா, கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம்."

முதலாளி தாளை விலக்கினார். உள்ளே இருந்த முகம் சுண்ணாம்புக்குத் தெரிந்த முகம்தான். அவன் கையால் துடைத்த முகம் எதுவும் அவனுக்கு மறக்காது. இறந்துபோன அம்மாவின் சின்னப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, பெரிதாக்கிக் கொடுங்கள் என்று ஒரு மகன் கேட்டார். இவன் வழக்கம் போல எல்லாவற்றையும் துடைத்தான். அந்த மகன் வேறொன்றும் கேட்டார். வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் ஏற்கனவே மாட்டியிருக்கிறது, பக்கத்தில் மாட்டினால் அம்மா அப்பாவுக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி செய்ய முடியுமா என்றார். "உயிரோட இருந்த வரைக்கும் முகம் கொடுத்துப் பேசிக்கல. படத்திலாவது பார்த்துக்கட்டும்." இவன் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டான். இடது கன்னம் வலது கன்னமாயிற்று, வலது இடதாயிற்று. ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற வேலை. ஜோடிப் படத்துக்கெல்லாம் செய்வதுதான். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

"என்னம்மா குறை? நல்லாத்தானே இருக்கு" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. எங்கம்மா இப்படி நல்லா இருந்ததே இல்ல. எங்க அவ மச்சம்? முகத்துல மத்ததை எல்லாம் விட்டுடுங்க, அந்த மச்சம்தான் எங்கம்மா. அவ சிரிச்சா அது அப்படியே மேல ஏறிக் கண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கும். சிரிக்கிறதே அபூர்வம், அது வேற விஷயம். யாரு இதைத் துடைச்சது?"

முதலாளி வாய் திறக்காமல் தாடையால் சுண்ணாம்பைக் காட்டினார். ஆபத்து என்றால் அவர் எப்போதும் அப்படித்தான், விரலைக்கூடச் செலவழிக்க மாட்டார்.

அந்த அம்மாள் திரும்பினார். திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பிறகு அவர் கை மெல்ல எழுந்து அவனுடைய வலது கண்ணைச் சுட்டியது.

"அதுதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அந்த முடியோட. அதே இடம். அதுதான்."

கேமராக்காரர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்காததால் இருமலாக மாற்றிக்கொண்டார்.

சுண்ணாம்பு நாற்காலியை விட்டு எழுந்தான். "அம்மா... உங்கம்மா எப்படிப்பட்டவங்க?"

அவர் அவனைப் பார்க்காமல், மச்சத்தைப் பார்த்தபடி, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார்.

"பெத்தவளைப் பத்திச் சொல்லக் கூடாது. ஆனா நல்லவ இல்ல. பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை வாளி வாங்கிட்டுப் போய்க் கைப்பிடியை உடைச்சுக் கொடுத்தா. எங்கம்மா ஒரு வார்த்தை பேசல. மறுநாள் அவங்க வீட்டுக்குப் போய் இருந்த வாளி அத்தனையோட கைப்பிடியையும் உடைச்சு வச்சுட்டு வந்தா. அண்ணன் சின்ன வயசுல விளையாட்டா அவ கூந்தல்ல கொஞ்சம் வெட்டிட்டான். அவன் தூங்கும்போது மொட்டை அடிச்சுட்டா. அவளுக்கு யாரு என்ன செய்தாங்களோ, அதையே அவங்களுக்குச் செய்வா. கூட்டாம குறைக்காம."

போகும்போது வாசலில் நின்று மறுபடி ஃபிரேமைப் பார்த்தார். "மச்சம் மட்டும் இல்ல. இன்னும் என்னமோ கோணலா இருக்கு. சுவத்துல மாட்டினா அப்பாவையே பார்த்துட்டு இருக்கா. அப்பா முகத்தைப் பார்த்தாலே எங்கம்மாவுக்கு ஆகாது. சாப்பாடு போடும்போதுகூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டா."

அவர் போனதும் சுண்ணாம்பு முதலாளியிடம் சொன்னான்: "சார், படத்தைத் திருப்பிப் போட்டது நான்தான். பழையபடி திருப்பிடட்டுமா?"

"உனக்குப் பைத்தியமா? திருப்பச் சொன்னது அண்ணன்காரன். அதை மாத்தினா அவன் வந்து குதிப்பான். அண்ணன் தங்கச்சி சண்டைக்கு நடுவுல நம்ம தலையை ஏன் கொடுக்கணும்? மச்சத்தை வை. போதும்."

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. மச்சம்தானே துடைத்தது. மச்சத்தைத்தானே அந்தச் செத்தவள் அனுப்பியிருக்கிறாள். மச்சத்தைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் எதைக் கொடுப்பது? மகன் கொண்டுவந்த சின்னப் படம் எங்கோ தொலைந்துவிட்டதாம். கம்ப்யூட்டரில் இருந்த பிரதியில் அவன்தான் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான்.

கேமராக்காரரிடம் போய்த் தன் முகத்தைக் காட்டினான். "கிட்டத்துல ஒண்ணு எடுங்கண்ணே."

"வேணாம்டா. எனக்கு இது சரியாப் படல."

"எடுங்கண்ணே. என் கண்ணு போயிடும்."

அவர் எடுத்தார். கேமரா தானாக எங்கே குவிகிறதென்று காட்டும் சின்னச் சதுரம் அவன் கண்ணில் நிற்கவில்லை. மச்சத்தில் போய் நின்றது. முகம் என்று அது எதை நினைத்ததோ. சுண்ணாம்பு தன் படத்திலிருந்து மச்சத்தை வெட்டி எடுத்து, நரைமுடியோடு, அந்த முகத்தின் கண்ணுக்குக் கீழே ஒட்டினான். ஒட்டிய இடம் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல அது உட்கார்ந்துகொண்டது.

படத்தில் இருந்தவள் இப்போது அவனுக்குத் தெரியாதவளாக இருந்தாள். அவன் துடைத்த முகம் இப்படி முறைக்கவில்லை.

தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். மச்சம் போகவில்லை.

ஆபரேஷன் அறையில் குளிர்ச்சாதனம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. படுக்கவைத்து, முகத்தின் மேல் நடுவில் ஓட்டை போட்ட பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். ஓட்டை வழியாக மச்சம் மட்டும் வெளியே தெரியும். அவனுக்குப் பச்சை வெளிச்சம்தான் தெரிந்தது. ஊசி சுருக்கென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் கன்னம் மரக்கட்டையாயிற்று.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"தொடுறது தெரியும். இழுக்கிறது தெரியும். வலிக்காது. தலையை மட்டும் ஆட்டக் கூடாது. கத்தி கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு."

துணிக்குள் பாச்சை உருண்டை வாடை வந்தது.

முதலில் மெல்ல வந்தது. பிறகு மூச்சு முழுக்க அதுவாயிற்று.

யாரோ அவன் தாடையைப் பிடித்தார்கள். கையுறை போட்ட கை இல்லை. எலும்பும் தோலுமாக, காகிதம் போல உலர்ந்த விரல்கள். அவை பதறவில்லை, அழுத்தவும் இல்லை. அடங்காத பிள்ளைக்குத் தலைவாரும் தாய் போல, அவன் முகத்தை இன்னொரு பக்கமாகத் திருப்பத் தொடங்கின.

"தலையைத் திருப்பாதீங்க!"

"நான் திருப்பல டாக்டர். நர்ஸம்மா தாடையைப் பிடிச்சு..."

"நான் இங்க இருக்கேன்" என்றாள் நர்ஸ். குரல் அவன் கால்மாட்டிலிருந்து வந்தது.

டாக்டரின் இரண்டு கைகளும் அவன் கன்னத்தில் இருந்தன. ஒன்று தோலை இழுத்துப் பிடித்திருந்தது, இன்னொன்று வெட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு இரண்டும் தெரிந்தன.

தாடையிலும் இரண்டு கைகள் இருந்தன.

"பேசாதீங்க. இதோ வந்துடுச்சு" என்றார் டாக்டர். மச்சம் கழன்ற அந்த நொடியில் தாடைப் பிடி விட்டது.

தையல் போட்டு, துணியை விலக்கினார்கள். நர்ஸ் ஒரு சின்னப் புட்டியில் திரவத்துக்குள் அதைப் போட்டு மூடியிருந்தாள். மற்ற தசைத் துண்டாக இருந்தால் அடியில் போய்க் கிடந்திருக்கும். அது மேலே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நரைமுடி திரவத்தில் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் புட்டியை மேசையில் வேறு பக்கம் திருப்பி வைத்தாள்.

அது உள்ளே மெதுவாகச் சுற்றி, அவன் பக்கம் வந்து நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள். கன்னத்தில் ஒரு சின்னப் பிளாஸ்திரி, அவ்வளவுதான். மனைவி மறுபடி பேச ஆரம்பித்தாள். பேசியதையே பேசினாள், அவனுக்கு அது சங்கீதமாக இருந்தது. ஃபிரேமை வாங்க வந்த அந்த அம்மாள் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மச்சம் வந்துடுச்சு. கோபம் போகல" என்று சொல்லி எடுத்துப் போனார். போகட்டும். தாயாச்சு, மகளாச்சு.

ஒருநாள் காலையில் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க, புதுசா பீச்சாங்கையால பல்லு விளக்குறீங்க?"

அவன் கையைப் பார்த்தான். பிரஷ் வலது கையில்தான் இருந்தது. "கண்ணு தெரியலையா? வலது கைதானே இது."

அவள் மறுபடி பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இப்ப வலது கைதான்" என்றாள்.

இன்னொரு நாள் ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில் ஒரு கடைப் பலகை, நீரில் விழுந்த நிழல் போல, ஒரே ஒரு இமைப் பொழுது படிக்க முடியாமல் நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது. மருந்து மயக்கம் என்று சொல்லிக்கொண்டான்.

லேப் முடிவு வந்ததும் டாக்டரே போன் செய்தார். "கெட்டது ஒண்ணுமில்ல. சாதாரண மச்சம்தான். ஆனா அந்த லேப்காரங்க சாம்பிளை மாத்திட்டாங்கன்னு நினைக்கிறேன். வயசானவங்க தோலுன்னு எழுதியிருக்காங்க. எழுபதுக்கு மேலயாம். நான் நல்லாக் கொடுத்துட்டேன் அவங்களுக்கு. தையல் பிரிக்க வாங்க, பேசிக்கலாம்."

கெட்டது இல்லை. அவனுக்கு அது போதும். கண் தப்பியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று மனைவியிடம் சொன்னான்.

தையல் பிரிக்கப் போனதும் அதே வெயில் நேரம், அதே படிக்கட்டு. இந்த முறை வாடை இல்லை. காத்திருக்கும் அறையில் அவன் ஒருவன்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே கடிகாரம், கீழே விளம்பரத் தாள், இடக்கைப் பக்கம் கதவு. ஃபேன் காற்றுக்குக் கண் சொருகியது.

அப்போது வாடை வந்தது.

தாடையில் விரல்கள் படிந்தன.

வெட்டும் கத்தி எதுவும் இல்லாததால் அவற்றுக்கு அவசரம் இல்லை. முகத்தைத் திருப்பின. முகத்தோடு நிற்கவில்லை. சட்டையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி, தோள், நெஞ்சு, வயிறு, உள்ளே இருக்கிற எல்லாம் ஒன்றை ஒன்று கடந்து இடம் மாறிப் போவது தெரிந்தது. வலிக்கவில்லை. இழுப்பது மட்டும் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தான், வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியவில்லை.

"வாங்க" என்றாள் நர்ஸ்.

அவன் திடுக்கிட்டு எழுந்து இடக்கைப் பக்கம் நடந்தான். நெற்றி சுவரில் மோதியது.

"இந்தப் பக்கம். கதவு இங்க இருக்கு."

கதவு வலக்கைப் பக்கம் இருந்தது. அவன் தள்ளாடி உள்ளே போய் உட்கார்ந்தான். டாக்டர் கத்தரியோடு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"நாம எந்தப் பக்கம் எடுத்தோம்?"

"வலது பக்கம் டாக்டர்."

"அப்ப பிளாஸ்திரி ஏன் இங்க இருக்கு?"

"வலது பக்கம்தானே இருக்கு. இதோ." அவன் கையைத் தூக்கி வலது கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினான்.

டாக்டர் நிமிர்ந்தார். "அது உங்க இடது கை" என்றார் மெதுவாக.

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் போய், அவன் முதல் தடவை வந்தபோது எடுத்த படத்தைத் திறந்தார். படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு பயத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டும் என்பது போல நர்ஸ்மேல் பாய்ந்தார். "எப்படிம்மா எடுத்தே இதை? படம் இடம் வலமாத் திரும்பியிருக்கு பாரு."

"நான் சரியாத்தான் டாக்டர் எடுத்தேன்..."

"சரியா எடுத்தா முகமே மாறி இருக்குமா? வகிடுகூட அந்தப் பக்கம் இருக்கு. திருப்பிப் போட்டிருக்கே."

திருப்பிப் போட்டது.

சுண்ணாம்புக்கு அந்தச் செத்துப்போன அம்மாவின் படம் நினைவுக்கு வந்தது. அவன் அவளுக்குச் செய்தது ஒன்றில்லை, இரண்டு. துடைத்ததைக் கொடுத்துவிட்டான். திருப்பியதைத் திருப்பவில்லை. பார்க்கவே பிடிக்காத முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சுவரில், அவள் இன்னும் இருக்கிறாள்.

கூட்டாமல் குறைக்காமல்.

டாக்டர் தையலைப் பிரித்தார். அவன் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பினான். காத்திருந்த அறை திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. கடிகாரத்தின் நொடி முள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கீழே விளம்பரத் தாளில் ஏதோ எழுதியிருந்தது. அவனுக்கு மனப்பாடமான வரி. ஆனால் கொம்பும் சுழியும் எல்லாம் எதிர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டு நின்றன. முதல் எழுத்தைக்கூட அவனால் கூட்ட முடியவில்லை. மேசையிலிருந்த மருந்துச் சீட்டும் அப்படியே. டாக்டர் கோட்டில் குத்தியிருந்த பெயரும் அப்படியே. உலகத்தில் எழுதியிருந்தது எல்லாம் அவனுக்கு முதுகைக் காட்டியது.

"முடிஞ்சுது" என்றார் டாக்டர். "தழும்பு நல்லா ஆறியிருக்கு. வேணும்னா பாருங்க."

நர்ஸ் கைக்கண்ணாடியை நீட்டினாள்.

அவன் அதை வாங்கி, கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முகத்துக்கு நேராகப் பிடித்தான். கண்ணாடிக்குள், அவன் தோளுக்குப் பின்னால், கடிகாரம் ஒழுங்காக முன்னோக்கி ஓடியது. அதற்குக் கீழே எழுத்துகள் நேராக நின்றன. 'மச்சத்தில் மாற்றமா? உடனே காட்டுங்கள்.' அப்பாடா என்று மூச்சு விட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் படிக்கலாம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வேலைகூடச் செய்யலாம். கண் போய்விடவில்லை. இனி எதைப் பார்ப்பதானாலும் இப்படி ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

தழும்பு இல்லை.

விரலை எடுத்துக் கன்னத்தில் வைத்தான். விரல் நுனியில் தையல் போட்ட தடம் சொரசொரவென்று பட்டது. கண்ணாடியில் அந்த விரல் மச்சத்தின் மேல் இருந்தது. நரைமுடி விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விரலை எடுத்தான்.

அவன் சிரிக்கவில்லை. உதடு அசையக்கூட இல்லை.

கண்ணாடியில் மச்சம் மெல்ல மேலே ஏறி, கண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டது.